தாராவி சர்வேயும் மேல் மாடிக் குடும்பங்களும்: அன்பியம் என்ன செய்யலாம்?

கேள்வி: தாராவியில் எங்கள் சந்தின் அன்பியத்துக்கு, அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவுக்கு, பொறுப்பாளராக இருக்கிறேன். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான சர்வே முடிந்து, வீட்டுக்கு வீடு நம்பர் எழுதிவிட்டார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் பலரிடம் 2000-க்கு முந்தைய காகிதம் இருக்கிறது. மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர்களிடம், "உங்களால் எங்க வீடும் போயிடும், காலி பண்ணுங்க" என்கிறார்கள். இரு தரப்பும் ஒரே பூசைக்கு வருகிறவர்கள். பங்குத்தந்தை கமிட்டிக்குத் தலைவராக வேண்டும் என்கிறார்கள் சிலர். கோயிலுக்கு எதற்கு அரசியல் என்கிறார்கள் வேறு சிலர். திருச்சபையின் சமூகப் போதனையை எங்கள் சந்தில் எப்படிச் செயல்படுத்துவது? இதற்கு ஞாயிறு காணிக்கையிலிருந்து செலவு செய்யலாமா?
– வாசகி ஒருவர், தாராவி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் முதலில் தீர்க்க வேண்டியது மேல் மாடிச் சிக்கலைத்தான். அதில் உங்கள் அன்பியம் எடுக்கும் முடிவைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்.

முதலில் விதியைத் தெளிவாக்கிக்கொள்வோம். தாராவித் திட்டத்தில் 1.1.2000-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 1.1.2000 முதல் 1.1.2011 வரையிலான கீழ்த்தளக் குடும்பங்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பிறகு 15.11.2022 வரை வந்த கீழ்த்தளக் குடும்பங்களுக்கும், அதே தேதி வரை மேல் மாடியில் இருந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. அதைத் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். மும்பையின் மற்ற குடிசைப் பகுதிகளில் பில்டர் திட்டத்துக்கு 51 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும். தாராவியில் அந்தச் சம்மதமே தேவையில்லை என்று வைத்துவிட்டார்கள். அதனால் இங்கே மக்கள் கையில் இருப்பது தங்கள் காகிதமும் தங்கள் ஒற்றுமையும்தான்.

இந்த விதிப்படி மேல் மாடிக் குடும்பம் தனிக் கணக்கு. கீழ் வீட்டின் தகுதியை முடிவு செய்வது கீழ் வீட்டுக் காகிதம்தான். மேலே ஒரு குடும்பம் இருப்பதை ஒப்புக்கொள்வதால் கீழே 350 சதுர அடி குறையாது. இதை உங்கள் சந்தில் சத்தமாக, பலமுறை, வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருமுறை சொன்னால் போதாது; பயந்திருக்கிறவர் காதில் அது ஏறாது.

கீழ் வீட்டுக்காரரின் பயத்தை வெறும் சுயநலம் என்று ஒதுக்கவும் கூடாது. வாடகைக்காரர் நாளைக்குக் கீழ் வீட்டின் மேலேயே உரிமை கேட்பாரோ என்ற சந்தேகம் ஒன்று. கல்யாணமாகித் தனிக் குடும்பமான மகனை மேல் மாடிக் கணக்கில் காட்டலாம் என்ற எண்ணம் இன்னொன்று. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: அந்த மாத வாடகையில்தான் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு அரிசி, பருப்பு. முதல் பயத்தை ஒரு காகிதத்தால் தீர்த்துவிடலாம். இரண்டாவதில் உண்மையில் மேலே குடியிருப்பது மகனா வாடகைக்காரரா என்று கேட்டு, இருப்பதை இருப்பதாகவே எழுத வேண்டும். மூன்றாவதற்குச் சுலபமான தீர்வு கிடையாது. அந்த வீடுகளைத் தனியாகக் குறித்துவைத்து, முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை ஆகியவற்றுக்கு மனு போடச் செய்யுங்கள்.

முதல் பயத்துக்கு நான் சொல்லும் காகிதம் கீழ் வீட்டுக்காரரும் மேல் மாடிக்காரரும் சேர்ந்து கையெழுத்திடும் நோட்டரி அஃபிடவிட். அதில் இருக்க வேண்டியவை: சர்வே நம்பர், சந்தின் பெயர், எத்தனையாவது மாடி, குடும்பத்தில் யார் யார், எந்த மாதம் எந்த வருடம் முதல் குடியிருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு. இவற்றோடு இரண்டு வாசகங்களைத் தவறாமல் சேருங்கள். ஒன்று, "கீழ்த்தளத்தின் மேல் எனக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை" என்று மேல் மாடிக்காரர் சொல்வது. இன்னொன்று, "மேல் மாடியில் இந்தக் குடும்பம் குடியிருப்பது உண்மை" என்று கீழ் வீட்டுக்காரர் சொல்வது. பக்கத்து வீட்டார் இரண்டு பேர் சாட்சி. இரு தரப்பிடமும் ஆளுக்கொரு நகல். இதோடு மேல் மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் லைட் பில், இல்லாவிட்டால் பழைய வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, பிள்ளையின் பள்ளிக்கூடக் காகிதம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள்.

தேதியை மட்டும் முன்தள்ளி எழுதாதீர்கள். 2023-இல் வந்தவரை 2021-இல் வந்ததாக எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இரக்கப்பட்டு எழுதிக்கொடுக்கும் அன்பியங்களும் உண்டு. பொய் அஃபிடவிட் குற்றம் என்பது ஒரு பக்கம். ஒன்று பிடிபட்டால் அந்தச் சந்திலிருந்து போன அத்தனை காகிதத்தையும் அதிகாரி சந்தேகத்தோடு பார்ப்பார் என்பதுதான் பெரிய நஷ்டம். 15.11.2022-க்குப் பின்னால் வந்த குடும்பத்தையும் உங்கள் பட்டியலில் உண்மைத் தேதியோடு எழுதுங்கள். அரசின் விதியில் அவர்களுக்கு இடமில்லை என்பதால் உங்கள் கணக்கிலும் இடமில்லாமல் போகக்கூடாது. விதியை மாற்றச் சொல்லி நாளைக்குக் கோரிக்கை வைக்கும்போது எத்தனை குடும்பங்கள் வெளியே நிற்கின்றன என்ற எண்ணிக்கை கையில் வேண்டும்.

நீங்கள் கேட்ட போதனை இங்கேதான் வேலை செய்கிறது. தனியுடைமை உரிமைதான், ஆனால் நிபந்தனையற்ற உரிமை அல்ல என்று 1967-இல் ஆறாம் பவுல் எழுதினார். உலகின் வளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று அதற்கு இரண்டு வருடம் முன்பே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லியிருந்தது. இதைக் கேட்டு, வீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களோ என்று கீழ் வீட்டுக்காரர் பதற வேண்டாம். அவரிடம் கேட்பது ஓர் உண்மைக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவே. 2014 அக்டோபரில் மக்கள் இயக்கங்களின் பிரதிநிதிகளை ரோமுக்கு அழைத்துப் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், வீடில்லாத குடும்பம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றார். குப்பை பொறுக்குவோர், நிலமற்ற உழவர்கள், குடிசைவாசிகள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எல்லாரும் கத்தோலிக்கர்களும் அல்ல. தகுதியுள்ள குடும்பம் மட்டும் வீடு பெற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்தது கணக்கெடுப்பு. பார், ஆராய், செயல்படு என்ற மூன்று படிகள் இளம் தொழிலாளர் இயக்கத்தை நடத்திய கார்டைனின் வழியில் பழகி வந்தவை. 1961-இல் இருபத்து மூன்றாம் யோவான் அதையே தன் சுற்றுமடலில் சமூகப் போதனையைச் செயல்படுத்தும் முறையாக எழுதினார். பல அன்பியங்களில் இரண்டாவது படியிலிருந்து தொடங்குகிறார்கள்: விவிலியம் வாசிக்கிறார்கள், பகிர்கிறார்கள், கலைகிறார்கள். முதல் படியான பார்த்தல் வீடு வீடாக நடக்க வேண்டிய வேலை.

நாற்பது ஐம்பது வீட்டுக்கு மூன்று பேர் கொண்ட குழு போதும். அந்தச் சந்துக்காரர் ஒருவர், பெண் ஒருவர், மராத்தி வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர். படிவங்கள் மராத்தியில் வருவதால் மூன்றாவது ஆள் இல்லாமல் கிளம்பாதீர்கள். பகலில் போனால் வேலைக்குப் போனவர்கள் விட்டுப்போவார்கள். இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிறு பிற்பகலும்தான் சரியான நேரம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தாள். குடும்பம், வந்த வருடம், கையிலிருக்கும் காகிதங்கள், இல்லாத காகிதங்கள், வீட்டுக்குள் நடக்கும் தொழில் எல்லாம் அதில் வர வேண்டும். தையல் மெஷின் எத்தனை, இட்லி வியாபாரத்துக்கு எவ்வளவு மாவு அரைக்கிறார்கள், குமாஸ்தா லைசென்ஸ் (கடை, தொழில் பதிவுச் சான்று) உண்டா என்பதை எல்லாம் எழுதுங்கள். தொழில் நடப்பதை மறைத்தால் வீட்டுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. பிறகு ஏழாவது மாடியில் மெஷின் போட முடியாமல் பிழைப்பு போகும்போது, இங்கே தொழில் நடந்ததற்கு ஒரு தாளும் இருக்காது.

பூட்டிய வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். மே மாதம் பாதிச் சந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போயிருக்கும். சர்வேக்காரர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் குடும்பங்களின் பட்டியலை இப்போதே எழுத்தில் கொடுத்து, மறுபடி சர்வே செய்யச் சொல்லி, மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரையில்லாத மனு கொடுக்காத மனு.

தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை பெயர். நமக்கு இனிஷியல், இங்கே பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ரேஷன் கார்டில் மரியம்மாள் சூசை நாடார், வாக்காளர் பட்டியலில் மாரியம்மா சூசாய், லைட் பில்லில் எஸ். மரியம்மாள் என்று ஒரே பெண்மணி மூன்று பேராக நிற்பார். தகுதிப் பட்டியலில் பெயர் விடுபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மூன்று பெயரும் ஒருவரே என்று ஓர் அஃபிடவிட் எடுத்து, எல்லாக் காகிதத்தின் நகலையும் அதோடு இணையுங்கள். இங்கே பங்கு அலுவலகம் பெரிய உதவி செய்யலாம். திருமுழுக்குப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் பெற்றோர் பெயரும் இருப்பிடமும் தேதியும் இருக்கும். 1994-இல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குடும்பம் அப்போது எங்கே இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று. அரசு கேட்கும் முதன்மைக் காகிதமாக அது நிற்காது, துணைச் சான்றாகத்தான் நிற்கும். ஆனாலும் கேட்பவர்களுக்கெல்லாம் கட்டணமில்லாமல், சந்தா பாக்கியைப் பற்றிப் பேசாமல், பங்கு அலுவலகம் நகல் தர வேண்டும் என்று பங்குப்பேரவையில் தீர்மானம் போடுங்கள்.

முதன்மைக் காகிதம் என்றால் 2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல், அந்தக் காலத்து லைட் பில், ஃபோட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த படம் ஒட்டிய அட்டை) போன்றவைதான். 1976-இல் மும்பைக் குடிசைகளைக் கணக்கெடுத்து அட்டை கொடுத்தார்கள். அதே வருடம் ஜனதா காலனிக் குடிசைகளை இடித்து மக்களை டிராம்பேயின் சீத்தா கேம்புக்கு அனுப்பியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985-இல் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனாலும் காலி செய்வதைத் தடுக்கவில்லை. 1976 கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது; அதைக்கூடக் காலி செய்வதற்கு முன்நிபந்தனையாக வைக்கவில்லை. ஒரு கணக்கெடுப்புக்கு எவ்வளவு மதிப்பு, எவ்வளவு எல்லை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏஜென்டிடமும் வேண்டாம், கட்சிக்காரரிடமும் வேண்டாம், பங்குத்தந்தையிடமும் வேண்டாம், உங்கள் கமிட்டியிடமும் வேண்டாம். ஃபோட்டோ எடுத்து, இரண்டு நகல் எடுத்து, அசலை வீட்டிலேயே வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். கணவன் பெயரில் மட்டும் காகிதம் இருக்கும் வீடுகளில் மனைவி பெயரும் ஒதுக்கீட்டில் சேரும்படி இப்போதே எழுதிக் கேளுங்கள். குடித்துவிட்டு வீட்டை விற்றுவிட்டுப் போகும் கதை எல்லாச் சந்திலும் உண்டு. இரண்டு பெயர் இருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை.

பங்குத்தந்தை தலைவராகலாமா என்றால், வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருச்சபைச் சட்டத்தின் 287-ஆவது விதி குருக்கள் கட்சிகளிலும் தொழிற்சங்க நிர்வாகத்திலும் முனைப்பாகப் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. குடியிருப்போர் கமிட்டி கட்சி இல்லைதான். ஆனாலும் அதன் தலைவர் பதவி பொதுநிலையினருடையதாக இருப்பதே நல்லது. பங்குத்தந்தை சில வருடத்தில் மாற்றலாகிப் போவார், வீடு கைக்கு வரும்வரை இருக்கப்போவது நீங்கள்தான். இன்னொரு காரணம், தலைமையில் அங்கி இருந்தால் பக்கத்துச் சந்து முஸ்லிம் குடும்பமும், மாரியம்மன் கோயில் தெருக்காரரும் இதைக் 'கிறிஸ்தவர் கமிட்டி' என்று ஒதுங்குவார்கள். கிறிஸ்தவர் மட்டும் உள்ள கமிட்டியால் ஒரு சந்தைக்கூடக் காப்பாற்ற முடியாது.

1931-இல் பதினோராம் பயஸ் எழுதிய சுற்றுமடல், சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு தன் கையில் எடுத்துக்கொள்வது அநீதி என்கிறது. அதன்படி சந்துக் கணக்கைச் சந்தே எடுக்கட்டும். சந்தால் முடியாத வேலைகள், அதாவது தகவல் உரிமை மனு, வழக்கறிஞர், அதிகாரிகளோடு பேச்சு, இவற்றுக்குப் பல சந்துகள் சேர்ந்த கூட்டமைப்பு வேண்டும். பங்குத்தந்தை வேலை வேறு: இரு தரப்பும் உட்கார்ந்து பேச இடம் தருவது, மேல் மாடிக் குடும்பத்தைத் துரத்துவது பாவம் என்று பூசையில் துணிந்து சொல்வது, அதிகாரிக்கு எழுதும்போது மக்கள் கடிதத்தோடு தன் கடிதத்தையும் இணைப்பது. வழக்கமான கூட்டத்தைச் சந்து முனையிலோ பொதுப் பள்ளிக்கூடத்திலோ வையுங்கள்.

இயக்கம் கட்டும் முறைக்கு நம் ஆளையே பார்க்கலாம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனிக்காகப் போராடியவர், தேசிய அளவில் குடிசைவாசிகளின் கூட்டமைப்பை உருவாக்கினார். பிறகு மும்பை நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனோடும் ஸ்பார்க் தொண்டு நிறுவனத்தோடும் சேர்ந்து தாங்களே கணக்கெடுப்பது, தாங்களே சிறுகச் சேமிப்பது என்ற இரண்டையும் பழக்கினார். சேமிப்பு வாங்கத் தினமும் கதவு தட்டும் பெண்ணுக்கு எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் நோட்டீஸ் என்று தெரியும். சேமிப்பின் பெரிய பயன் அந்தத் தொடர்புதான், பணம் அடுத்தது. கடல் தாண்டிப் பார்த்தால், பிரேசில் ஆயர்கள் 1993-இல் தவக்கால இயக்கம் முழுவதையும் குடியிருப்புக்கே கொடுத்தார்கள். 'நீர் எங்கே தங்கியிருக்கிறீர்?' என்ற யோவான் நற்செய்திக் கேள்விதான் அதன் முழக்கம். உங்கள் அன்பியத்தில் வரும் தவக்காலத்தில் சிலுவைப்பாதையை மேல் மாடி வீடுகள் வழியாக நடத்தலாமே.

தகுதிப் பட்டியலின் வரைவு வெளியானதும் அன்றைக்கே உங்கள் தாள்களோடு ஒப்பிடுங்கள். 'தகுதியில்லை' என்றும் 'முடிவு நிலுவை' என்றும் இருப்பவை வேறு வேறு. நிலுவைக்குக் காகிதம் சேர்த்தால் போதும், தகுதியில்லை என்றால் ஆட்சேபம் போட வேண்டும். தகுதி அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி, குறைதீர்ப்புக் குழு என்று படிப்படியாகத்தான் போக முடியும். உத்தரவு கைக்கு வந்த தேதியை அந்தக் காகிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள், கெடு அதிலிருந்துதான் ஓடும். காரணம் சொல்லாமல் பெயர் விட்டுப்போயிருந்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் வீட்டு நம்பருக்கான சர்வேப் பதிவின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால், ஆட்சேபத்தை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்கு உதவும் வாசகம் திருத்தந்தை பிரான்சிஸின் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 152-ஆவது பத்தியில் இருக்கிறது. இடம் மாற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே போதிய தகவல் தர வேண்டும், தரமான மாற்று வீடுகளில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தர வேண்டும், சம்பந்தப்பட்ட மக்களே அந்த ஏற்பாட்டில் பங்கெடுக்க வேண்டும் என்கிறது அது. இதை அப்படியே மனுவின் கேள்விகளாக மாற்றுங்கள். எந்த இடம்? தேவ்னார் குப்பைமேட்டு நிலமா, உப்பள நிலமா? குப்பை முழுதும் அகற்றிய பிறகா கட்டுவார்கள்? மாதப் பராமரிப்பு எவ்வளவு, லிஃப்டுக்கு யார் பொறுப்பு? ஒரே சந்துக் குடும்பங்களை ஒரே கட்டடத்தில் வைப்பார்களா? தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை எங்கே சேரும்? பதிலை எழுத்தில்தான் வாங்க வேண்டும்.

கடைசியாகக் காணிக்கை. பங்கின் கணக்கு அறக்கட்டளைக் கணக்கு, அதிலிருந்து கமிட்டிச் செலவுக்கு எடுக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வரும் கணக்கு என்றால் கிட்டேயே போக வேண்டாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவே முடியாது. ஒரு சிறு விதிமீறலுக்காகப் பங்கின் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் வரும் உதவி நின்றுபோகும். பங்கு தன் மண்டபத்தையும் நகல் எடுக்கும் மெஷினையும் கொடுக்கட்டும், அது போதும். செலவுக்கு வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் வைத்தாலும் ஐம்பது வீட்டில் ஆயிரம் வரும். நோட்டரிக்கும் நகலுக்கும் பெரும்பாலும் அது சரியாக இருக்கும். வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம், வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இரண்டு பேர் கையெழுத்து, மாத முதல் ஞாயிறன்று சந்து முனையில் வரவுசெலவை வாசிப்பது. மேல் மாடிக் குடும்பங்களிடமும் அதே இருபது ரூபாயை வாங்கி, அதே ரசீதைக் கொடுங்கள்.